ஏழு மணி வக்கீல்

"நெஞ்சு வலிக்குதா அண்ணா?" பதறிப்போய்க் கேட்டாள் வக்கீலம்மா.

நீதிமன்றத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரர், இடது மார்பில் பொத்தி வைத்திருந்த கையை எடுக்காமலே சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. கல்லு மாதிரி இருக்கேன்."

"வலிக்காம என்ன செய்யும்?" என்று பொரிந்தாள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி. "இந்த வெயிலுக்கு ஊரே மெல்லிசா சட்டை போடுது. இவரு நேத்து சாயங்காலம் வேலை மெனக்கெட்டு உக்காந்து, சட்டைக்குள்ள லைனிங் வச்சுத் தச்சிருக்காரு. கேட்டா, கோர்ட்டுக்குப் போறப்ப விறைப்பா இருக்கணுமாம்!"

வக்கீலம்மாவுக்குப் பாவமாக இருந்தது. இன்னும் கால் மணி நேரத்தில் தீர்ப்பு. இருபத்திரண்டு வருடமாக மெஷின் ஓடிய கடையைக் காலி செய்யச் சொல்லி, கட்டட உரிமையாளர் போட்ட வழக்கு. இன்னும் பத்து வருடத்துக்குக் கடை இவருக்குத்தான் என்று அதே உரிமையாளர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் ஒன்று இருந்ததாம். அது மட்டும் கையில் கிடைத்திருந்தால் இரண்டே வாய்தாவில் முடித்திருப்பாள்.

"கடைசியா ஒரு தடவை கேக்கறேன். அந்தப் பேப்பர் எங்கேயுமே இல்லையா?"

"பீரோ, பெட்டி, மெஷின் டிராயர்... நான் கவுத்துப் பாக்காத இடமில்ல மேடம்" என்றாள் மனைவி.

"கிடைக்கிறப்ப கிடைக்கும், விடுங்கம்மா" என்றார் தையல்காரர். "நேத்து ஏழு மணிக்குப் பாத்தீங்களா?"

வந்துவிட்டது. வக்கீலம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஏழு மணி கோர்ட் சீரியல். அவளிடம் வரும் கட்சிக்காரர்களில் பாதிப் பேருக்கு அதுதான் சட்டப் புத்தகம். அதில் வருகிற பெண் வக்கீல் சாட்சியைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். முகத்துக்கு நேரே விரலை ஆட்டுவாள். வெள்ளிக்கிழமைக்குள் கொலை வழக்கே முடிந்துவிடும். "உங்களுக்கு ஏன் மேடம் அது மாதிரி கத்த வரல?" என்று கேட்டுவிட்டு, போன மாதம் ஒருவர் ஃபைலையே திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"வக்கீல்னா அவதாம்மா வக்கீல்" என்றார் தையல்காரர். "ஒரே ஒரு தப்பு. ஆதாரத்தை ஃபைல்ல போட்டுட்டு ஊர் சுத்தினா. கூட இருந்த ஜூனியரே தூக்கி வித்துட்டான்."

"எனக்கு அவ முடியைத்தான் நம்ப முடியல" என்றாள் மனைவி. "அந்தக் கத்து கத்துறா, ஒத்த முடி கலையல!"

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணா, அது நாடகம். இங்கெல்லாம்..."

"தெரியும்மா. கொஞ்சம் கூடக்குறையத்தான் காட்டுவாங்க. ஆனா நேத்து அந்த முடிவு! ஜட்ஜ் தீர்ப்பைப் படிக்கிறாரு. இவ சடார்னு எந்திரிச்சு, 'ஒரு நிமிஷம்!'ங்கறா. அவரு அப்படியே பேனாவைக் கீழ வச்சுட்டாரு. நானும் முதல் நாளே உங்களைக் கேட்டேனே... நிஜக் கோர்ட்லயும் கடைசி நிமிஷம் வரைக்கும் நேரம் இருக்கான்னு?"

கேட்டார்தான். அன்றைக்கு அவள் அறை வாசலில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஆளை அனுப்பினால் போதும் என்று, எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "இருக்கு, இருக்கு" என்று சொல்லி வைத்தாள்.

இப்போதாவது விளக்கிச் சொல்லலாம் என்று அவள் வாயைத் திறப்பதற்குள், உள்ளேயிருந்து வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி தலை நிமிராமல் படித்தார். மேலே மின்விசிறி கடகடத்ததில் பாதி வார்த்தைதான் காதில் விழுந்தது. விழுந்த பாதியே போதுமானதாக இருந்தது. ஒப்பந்தம் இருந்ததற்கான ஆதாரம் எதையும் கடைக்காரர் கடைசி வரை தாக்கல் செய்யவில்லை. முப்பது நாளில் காலி செய்ய வேண்டும்.

வக்கீலம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். தையல்காரர் சட்டையின் முன்பக்கத்தை இழுத்து வாயில் கவ்விக்கொண்டு குனிந்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பாவம், அழுகையை அடக்குகிறார் என்று நினைத்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீதிபதி கையெழுத்துப் போட்டார். வழக்குக் கட்டு கை மாறியது. அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள். பின்வரிசையில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

யாரோ வக்கீலம்மாவின் அங்கியைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினாள்.

தையல்காரரின் உதட்டில் அறுந்த நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. நாலாக மடித்த பழுப்புத் தாள் ஒன்றை அவள் கையில் திணித்தார். விரித்தாள். அடியில் கட்டட உரிமையாளரின் கையெழுத்து.

"தையல் கொஞ்சம் கெட்டியா விழுந்துடுச்சும்மா, பிரிக்க நேரமாச்சு... ம், இப்பக் கத்துங்க, 'ஒரு நிமிஷம்'னு!"