மினுங்காத பவுடர்

மேக்கப் பெட்டிக்குள் வெண்கல நிறத்தில் ஒரு பவுடர் இருந்தது. அதற்குத் துளிகூட மினுக்கம் கிடையாது. பக்கத்து டப்பி ஜிகினாத்தூளுக்கு அதைக் கண்டாலே கேலி.

"செங்கல்பொடி அக்கா, மின்னவே தெரியாத நீ கல்யாணத்துக்கு வந்து என்னத்தக் கிழிக்கப்போறே?"

மதுவந்தியின் கல்யாணத்தன்று இரண்டுமே அவள் முகத்தில் ஏறின. திட்டுத்திட்டாய் நின்று மானத்தை வாங்கிவிடுவோமோ என்று பவுடருக்கு ஒரே பயம். ஆனாலும் கன்னத்தோரம் மெல்லப் பரவி, தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டது.

ஹோமப்புகை கிளம்பியது, வியர்வை ஓடியது. ஜிகினா வழுக்கி மாப்பிள்ளையின் மூக்கில் விழுந்தது. அங்கிருந்து மின்விசிறிக் காற்றில் பறந்து, மாமனார் மீசையில் போய் மின்னியது.

"அக்கா, ஒரே முடியா இருக்கு! காப்பாத்து!"

பவுடர் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் சிரிப்பை அடக்கிக்கொண்டது.

அப்போது அத்தைக்காரி வந்து மதுவந்தியின் தாடையைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏண்டி, மேக்கப்பே போடலியா? பொறந்த களையே என்னமா இருக்கு!"

பவுடருக்குத் தலைகால் புரியவில்லை. "நான்தான்! அது நான்தான்!" என்று கன்னத்திலேயே துள்ளிக் குதித்தது. மதுவந்திக்குக் கூச்சம் தாங்காமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பு வந்தது.

"பாருங்க, பொண்ணுக்கு மாப்பிள்ளைய எவ்வளவு புடிச்சிருக்கு!" என்றார் மாமனார், மீசை பளபளக்க.