உப்பு ஜாடி

சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்பது வத்சலா பிறந்த வீட்டுப் பழக்கம். உப்பின் அளவு அவள் கைக்கே தெரியும். கல்யாணமான புதிதில் ஒருநாள் குழம்பை வாயில் வைத்த சற்குணம், "உப்பே போடல போலிருக்கே," என்றான். இன்னும் கொஞ்சம் போட்டாள். அன்றிலிருந்து தினமும் அதையேதான் சொன்னான். அவன் எழுந்த பிறகு அவள் சாப்பிட உட்கார்ந்தால் குழம்பு உப்புக் கரிக்கும். அதைத்தான் அவன் முகம் சுளிக்காமல் கேட்டு வாங்கித் தின்றிருப்பான். "உன் நாக்குலதான் ஏதோ கோளாறு வத்சி. வெளிய சொல்லிக்காத," என்று தலையைத் தடவிக் கொடுப்பான்.

விருந்துக்கு வந்த தங்கை தேவகி முதல் கவளத்திலேயே வாஷ்பேசினுக்கு ஓடினாள். "என்னக்கா இது, வாயில வைக்க முடியல."

சற்குணம் நிதானமாகப் பிசைந்துகொண்டிருந்தான். "பாவம் வத்சி, அவளுக்கும் உன்ன மாதிரியே ஆரம்பிச்சிருச்சு."

தேவகி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வத்சலா குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். தொண்டை வரை எரிந்தது.

"கொஞ்சம் கம்மிதான் தேவு," என்று உப்பு ஜாடியைத் தங்கையின் இலைப் பக்கம் நகர்த்தினாள்.