தொண்ணூற்று மூன்று புள்ளிகள்

சுத்தியல் அவன் கையைத் தொடவே இல்லை. ஒரு சாண் மேலேயே நின்றது.

"சுருக்குன்னு இருந்துச்சா, கதிரேசன்?"

"ஆமா."

கண்ணைத் துணியால் கட்டியிருந்ததால் அவனுக்குத் தெரியவில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவன் மனைவிக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா அந்தச் சின்ன ரப்பர் சுத்தியலை மேஜை மேல் வைத்தார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

"இப்ப?"

"ஆமா."

அவள் பார்வை அவன் கைக்குப் போனது.

அவன் வலது கையில், முழங்கைக்குக் கீழே, நீலப் பேனாப் புள்ளிகள். மொத்தம் தொண்ணூற்று மூன்று. ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு மணிக்கட்டைப் பார்த்துப் போயின. தள்ளி நின்று பார்த்தால் ஒரே கோடு.

எல்லாம் அவள் வைத்தவை.

வேன் இடித்ததில் தலையிலும் அடி, கையில் நரம்பும் அறுந்துபோயிற்று. நரம்பைத் தைத்துவிட்டு, அது நிற்காமல் வளர ஒரு புது மருந்து கொடுத்தார்கள். இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற மருந்து. அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்றார்கள். நுனி வந்து நிற்கிற இடத்தில் தட்டினால் சுருக்கென்று இருக்கும். தினமும் தட்டிப் பார்த்துப் புள்ளி வையுங்கள். நின்றுபோனால் உடனே வந்துவிடுங்கள், பிரித்து மறுபடி தைக்க வேண்டும். நாளைக் கடத்தினால் விரல்கள் அப்படியே போய்விடும்.

அவள் ஒரு நாளும் தவறவிடவில்லை. குளிப்பாட்டித் துவட்டியதும் அழிந்த புள்ளிகளையெல்லாம் திரும்ப வைப்பாள். பிறகு கடைசிப் புள்ளியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தட்டுவாள்.

இங்க இருக்கா?

ஆமா.

அதற்கு மேல் தட்டிப் பார்த்ததில்லை. டாக்டர் சொன்னது ஒரு மில்லிமீட்டர்தான். அதிகம் ஆசைப்பட்டால் உள்ளதும் போய்விடும் என்று பயம்.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருக்கலாம்.

"வீட்ல என்னைக்காவது இல்லன்னு சொல்லியிருக்காராம்மா?"

அவள் யோசித்தாள்.

அவன் யார்? இல்லை என்று சொல்லியே பேர் வாங்கியவன். சோற்றில் உப்புச் சரியில்லை என்று தட்டை நகர்த்துவான். ரசத்தில் சூடு இல்லை என்பான். கல்யாணத்துக்குக் கிளம்பிப் புடவை கட்டி நின்றால், இது நல்லா இல்லை, வேற கட்டு என்பான். அவள் மூக்கால் அழுதுகொண்டே வேறு கட்டுவாள். பக்கத்து வீட்டு மரகதக்கா அதற்குச் சாட்சி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. உப்பில்லாத பத்தியக் கஞ்சியிலும் உப்பு சரி என்றான். அடி பட்டதும் உம் புருசனுக்குப் புத்தி வந்துருச்சுடி என்று மரகதக்கா சிரித்தாள். இவளும் சேர்ந்து சிரித்தாள். கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. அதை நினைக்க இப்போது கூசியது.

"இல்லைங்க," என்றாள். "சொன்னதே இல்லைங்க."

டாக்டரம்மா துணியை அவிழ்த்தார். அவன் கண்ணைச் சிமிட்டி முதலில் டாக்டரம்மா முகத்தைப் பார்த்தான். பிறகு இவள் முகத்தை. சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல் பார்த்தான்.

"வியாழக்கிழமை ஊசி வெச்சு மெஷின்ல நரம்பைப் பாத்துடலாம்மா. அது இவர்கிட்ட எதையும் கேக்காது."

வெளியே வராந்தாவில் வெயில் விழுந்து கிடந்தது. அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். செயலற்ற கையை எடுத்து மடியில் வைத்தாள். அந்த நீலக் கோட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது. தொண்ணூற்று மூன்று நாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தட்டாமல் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது.

பதினோராவது நாள் அவன் கண் திறந்தான். மூக்கில் குழாய், தலையில் கட்டு. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டாள்.

நான் யாருன்னு தெரியுதா?

ஆமா.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஓவென்று அழுதாள். ஊருக்கெல்லாம் போன் பண்ணினாள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மலம் எடுத்தாள், சோறு ஊட்டினாள், பக்கத்தில் படுத்தாள்.

கைக்கு மெஷின் இருக்கிறது. இதற்கு எந்த மெஷின்?

கேட்க வேண்டாம் என்று இருந்தது. கேட்காமலும் எழுந்து போக முடியவில்லை.

"என்னங்க."

திரும்பினான். நெற்றியில் துணி கட்டிய தடம் இருந்தது.

"என் பேர் என்ன? சொல்லுங்க."

இதற்கு ஆமா என்று சொல்ல முடியாது.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணைப் பார்த்தான், உதட்டைப் பார்த்தான். டாக்டரம்மா முகத்தைப் பார்த்தானே, அதே பார்வை.

அவளால் தாங்க முடியவில்லை. முந்தானையை இழுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள்.

தெரியவில்லை என்றாவது சொல்லட்டும். அதுவாவது அவனாகச் சொல்வதாக இருக்கும்.

முந்தானைக்குள் அவளுடைய மூச்சு மட்டும் சூடாக அடித்தது. யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவனிடமிருந்து சத்தமே இல்லை.

பிறகு அவனுடைய நல்ல கை வந்தது. முந்தானையின் நுனியைத் தேடிப் பிடித்து, மெல்ல விலக்கியது.

விலக்கிவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.