நாலாவது குழாய்

"பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கோ" என்றான் தனசிங்.

ரோஸியின் விரல்கள் கொக்கியில் வழுக்கின. புருஷன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும்தான் தெரிந்தது.

திருமுடிவாக்கத்தில் இரண்டு பேருமாக நடத்தும் பட்டறை. ரேஸ் காருக்கு இன்ஜின் கட்டுவது தொழில். நாலு பிஸ்டனையும் நகைத் தராசில் வைத்து எடை ஒன்றாக்குவது அவன் பொறுப்பு; சில கிராம் பிசகினாலே முழு வேகத்தில் இன்ஜின் உதறி உடையும். நாலு இன்ஜெக்டரும் ஒரே அளவு பெட்ரோல் பீச்சுகிறதா என்று கண்ணாடிக் குழாய்களில் பிடித்துப் பார்ப்பது அவள் பொறுப்பு.

கட்டி முடித்த வண்டியில் இரண்டு பேரும் உட்கார்ந்து, ரேஸ் டிராக்கில் முழு வேகத்தில் ஒரு சுற்று வந்த பிறகுதான் சாவியைக் கொடுப்பார்கள். அது தனசிங் போட்ட சட்டம். "நம்ம ஒக்காராத வண்டில ஊரான் வூட்டுப் புள்ளைய ஒக்கார வெக்கக் கூடாது" என்பான்.

இந்தத் தடவை நாலாவது குழாயில் ஒரு நகக்கண் அளவு கம்மியாக நின்றது. மூன்று முறை இன்ஜெக்டரைக் கழுவிப் பார்த்தாள், ஏறவில்லை. புதுசு வரப் பத்து நாள் ஆகும், ஞாயிற்றுக்கிழமை ரேஸ். வண்டிக்காரர் ராகவேந்திரா காலையும் மாலையும் வந்து நின்று உயிரை எடுத்தார். "நாலும் ஒண்ணுதான்" என்று சொல்லி மாட்டக் கொடுத்துவிட்டாள், பாவம்.

பெட்ரோல் குறைந்தால் அந்தப் பக்கம் சூடேறும். முழு வேகத்தில் பிஸ்டன் உருகி உடைந்தால் ஆயில் டயரில் கொட்டும்; வண்டி புரளும். மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் எழில் வந்து நிற்பாள். நாலாம் வகுப்புக் குழந்தை. யார் போய்க் கூட்டி வருவார்கள்?

முதல் சுற்று மெதுவாகப் போனது. இரண்டாவதும் அப்படியே.

"இன்னாங்க, மூணாவது கியர்லயே போறீங்க?"

"இன்ஜின் இன்னும் சூடாவல."

சூடு காட்டும் முள் எப்போதோ நடுவில் வந்து நின்றிருந்தது. கண்டுபிடித்துவிட்டான் என்று ரோஸி நினைத்துக்கொண்டாள்.

"நாலும் ஒண்ணாத்தான கீது?"

"ஒண்ணுதான்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேங்க. எத்தினி வாட்டி கேப்பீங்க?"

"இல்ல... எதனா சந்தேகம்னா இப்பவே சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

போன வருஷம் ஒரு போல்ட்டை முறுக்க மறந்ததற்காக, சொந்த மச்சான் ஸ்டெபினை அன்றைக்கே பட்டறையை விட்டு அனுப்பியவன். அவனிடமும் இப்படித்தான் மெதுவாகக் கேட்டான். ரோஸி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நேர்ப்பாதை வந்தது. தனசிங் ஏதோ முணுமுணுத்துவிட்டு மிதித்தான். இன்ஜின் அலறியது. சீட் முதுகில் வந்து அறைந்தது. வேகமுள் ஏற ஏற, காலையில் எழிலுக்குப் பின்னிய இரட்டைச் சடைதான் அவள் கண்ணில் நின்றது.

"நிறுத்துங்க!"

சொல்லி முடிப்பதற்குள் வேகம் விழுந்தது. அவன் கால் பிரேக்கின் மேலேயே காத்திருந்த மாதிரி, கார் தேய்த்துக்கொண்டு போய் ஓரமாக நின்றது.

"நாலாவது கம்மிங்க. தெரிஞ்சேதான் பொய் சொல்ட்டேன். புள்ளைய நெனைக்கல, உங்களையும் நெனைக்கல. இன்னா திட்டணுமோ திட்டுங்க."

அவன் திட்டவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினான். தலையில் குடம் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி வேர்வை ஊற்றியது. "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"மூணாவது பிஸ்டன் ஆறு கிராம் ஜாஸ்திடி, ரோஸி."