நாரைகள் அணியின் வலை

கூடைப்பந்து அரங்கின் இரும்பு வளையத்தில் புதிதாக ஒரு வலை தொங்கியது. சொந்த ஊர் அணியான நாரைகள்மீது அது உயிரையே வைத்திருந்தது. திங்கட்கிழமைதோறும் பெரிய திரையில் அணிகளின் வரிசையைப் போடுவார்கள். ஒரு வாரம் நாரைகள் ஒன்பதாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு ஏறின. வலைக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரம் மூன்று ஆட்டம் தோற்று ஏழுக்குச் சறுக்கின. வலை வாடிப்போய்த் தொங்கியது. அதற்கடுத்த வாரம் மளமளவென்று இரண்டாம் இடம்!

வளையம் மட்டும் எதற்கும் மகிழவில்லை. நாரைகளின் பந்து வந்தால் வெளியே தட்டிவிடத்தான் பார்த்தது.

"ஏன் அண்ணே, நம்ம பசங்க ஜெயிச்சா உங்களுக்கு வயிறு எரியுது?" என்று வலை ஒருநாள் கேட்டே விட்டது.

"போன வருஷக் கோப்பை நமக்குத்தான்," என்றது வளையம். "அப்போ இங்கே வேற வலை இருந்துச்சு. உன்னை மாதிரியே துள்ளும். ஜெயிச்ச அன்னைக்கு ஏணி போட்டு ஏறினாங்க. கத்தரிக்கோலால அதை நறுக்கி, ஆளுக்கொரு துண்டைக் கழுத்துல போட்டுக்கிட்டு ஆடினாங்க. இங்கே அதான் வழக்கம்."

அடுத்த திங்கட்கிழமை வலை திரைப் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த ஆட்டத்தின் கடைசி நொடியில் நாரைகளின் பந்து உயரப் பறந்து வந்தது. வளையம் தட்டிப் பார்த்தது. பந்து அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வலைக்குள் விழுந்தது. "முதலிடம் வந்தாச்சு, இனி கோப்பையும் நமக்குத்தான்!" என்று அரங்கமே எழுந்து நின்றது.

வலை நடுங்கிக்கொண்டிருந்தது.

"அந்த வலையைப் பாருங்கடா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "அதுக்குக்கூட என்ன சந்தோஷம்!"