முட்டை ஏறின படகு வண்டி

படகு ஏற்றுகிற வண்டியில் கந்தவேல் முட்டை ஏற்றிக்கொண்டு போகிறான் என்று டீக்கடை ராசப்பன் சொன்னதும், அர்த்தநாரிக்குக் குடித்த டீ நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

"நீ பார்த்தியா?"

"இந்த ரெண்டு கண்ணாலயும் பார்த்தேனுங். கீழ மணல் மூட்டை, மேல முட்டை அட்டை. டிராக்டரை அவனேதான் ஓட்டறான். காலையில இருந்து இது மூணாவது நடைங்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை மேட்டூரில் தண்ணீர் திறக்கிறார்கள்.

அர்த்தநாரி படகு ஓட்டுகிற துறையில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் ஆறு முழங்காலுக்கு வற்றிவிடும். சனங்கள் நடந்தே அக்கரைக்குப் போவார்கள். படகை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தார் பூசி வைப்பார்கள். புதுத்தண்ணீர் வருகிற அன்றைக்கு எவன் படகு முதலில் மிதக்கிறதோ, அவனுக்குத்தான் அந்த வருசம் பூராவும் துறையில் ஆள் ஏற்றுகிற உரிமை.

போன வருசம் அர்த்தநாரியின் படகு ஆற்றைப் பார்க்கும் முன்னாலேயே அடிப்பலகை வெடித்துவிட்டது. வீட்டிலிருந்து ஆற்றுக்கு நாலு மைல், வழியெல்லாம் கல்லும் குழியும். பலகை மாற்றுவதற்குள் அக்கரைக்காரன் தன் படகை இறக்கிவிட்டான். வருசம் பூராவும் அர்த்தநாரி கரும்பு வெட்டப் போனார். அவர் சம்சாரம் பாவாயி களை எடுக்கப் போனாள். இந்த வருசமும் இப்படியே ஆனால் படகை விறகுக்குப் போட்டுவிடலாம் என்று பாவாயி சொல்லியாகிவிட்டது.

எல்லாம் படகு ஏற்றுகிற அந்த வண்டியால் வந்த வினை. பழைய லாரி அச்சின் மேல் குறுக்கே ரெண்டு இரும்புச் சட்டம், அவ்வளவுதான். படகின் பாரம் முழுக்க அந்த ரெண்டு இடத்தில் உட்காரும். ஏற்றுவதற்கு எட்டு ஆள் வேண்டும். எட்டுப் பேரையும் கெஞ்ச வேண்டும்.

அதனால்தான் சங்ககிரி ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டுகிற கந்தவேலிடம் வண்டியை விட்டு, படகு சுளுவாக ஏறவும் நோகாமல் உட்காரவும் ஒரு வழி பண்ணித் தரச் சொன்னார். புதன்கிழமை தருகிறேன் என்றவன் தரவில்லை. நேற்றுக் கேட்டதற்கு, இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்குதுங்ணா என்று தலையைச் சொறிந்தான்.

இதுதானா அந்த ஒரே ஒரு வேலை?

சைக்கிளை எடுத்தார். மிதிக்க மிதிக்கக் கோபம் ஏறியது. போன தையில் அவரே அந்த வண்டியில் ரெண்டு நடை கரும்பு ஏற்றினது நடுவில் ஞாபகம் வந்தது. அது நம்ம வண்டி, நாம ஏத்தலாம் என்று அதை ஓரமாகத் தள்ளிவிட்டு மிதித்தார்.

ஆற்றுத் தடம் பிரிகிற இடத்தில் வண்டி எதிரே வந்தது. அர்த்தநாரி யோசிக்கவே இல்லை. சைக்கிளைக் குறுக்கே போட்டுவிட்டார். டிராக்டர் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது.

"ஏண்டா கந்தவேலு, என்ற பொழைப்பு போற நேரத்துல உனக்கு முட்டை யாவாரமா? மணலுக்கு ஒரு வாடகை, முட்டைக்கு ஒரு வாடகை. நல்லா இருக்குதுடா."

பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "கோழியவும் சேத்து ஏத்திக்கச் சொல்லுங்க மாமா" என்று ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சிரிப்பில் அர்த்தநாரிக்கு இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகவே வந்தது. கந்தவேலின் அப்பன் பட்டறைக்கு இருந்த பேர் வரைக்கும் இழுத்துவிட்டார்.

கந்தவேல் டிராக்டரை அணைத்தான். இறங்கி வந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஸ்பிரிங்கைக் காட்டினான். பதினோரு இரும்புப் பட்டை இருந்த இடத்தில் இப்போது ஐந்துதான்.

"அது பத்து டன் லாரிக்குப் போடறதுங்ணா. உங்க படகு அதுக்குக் கொசுவாட்டம். அமுங்காம குழிக்குக் குழி தூக்கிப் போட்டிருக்குது. பலகை வெடிச்சது அதுலதான். எங்க லாரி புத்திக்கு ஸ்பிரிங் கெட்டியா இருந்தாத்தான் நல்லது. போன வருசம் ரெண்டு பட்டையச் சேத்துப் போட்டதே நான்தானுங்."

அர்த்தநாரி குனிந்து பட்டைகளை எண்ணிப் பார்த்தார். இது அவருக்குத் தெரியாது. அவன் சொல்லாவிட்டால் எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது.

குறுக்குச் சட்டம் ரெண்டையும் காணோம். அந்த இடத்தில் நீளவாக்கில் ரெண்டு மரம், படகின் வயிற்றுக்கு ஏற்ற வளைவாகச் செதுக்கி, பழைய டயர் ரப்பர் சுற்றியிருந்தது. பின்னால் மூன்று உருளை. முன்னால் கயிறு சுற்றுகிற கைச்சக்கரம்.

"படகு மூக்கை உருளையில வெச்சுக் கயித்தைக் கட்டிப்போட்டுச் சக்கரத்தைச் சுத்துங்ணா, தன்னால ஏறிக்கும். எட்டு ஆளு வேண்டாம். நீங்களும் அக்காவும் போதும்."

"அது சரி, முட்டை எதுக்கு?" அர்த்தநாரியின் குரல் பாதியாகிவிட்டது.

"படகு எடைக்கு மணல் மூட்டை ஏத்துனேன். ஆத்துத் தடத்துலயே ஓட்டிப் பாக்காம குடுக்க மனசு வரலைங். படகையே ஏத்திப் பாத்து அது வெடிச்சுதுன்னா உங்களுக்கு வேற படகு ஏது? அதான் பண்ணையில முட்டை வாங்கி மேல வெச்சேன்."

நெஞ்சில் நின்ற டீ அப்போதுதான் அர்த்தநாரிக்கு உள்ளே இறங்கியது. திங்கட்கிழமை படகு மிதந்துவிடும்.

"எத்தனை உடைஞ்சுது சாமி?"

கந்தவேல் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். ஓரத்தில் வழிந்துகொண்டிருந்த மஞ்சள் கருவைத் துண்டால் துடைத்தான்.

"மூணு நடைக்கும் ஒண்ணுகூட உடையலீங்ணா. இந்த நாலும் இப்ப நீங்க சைக்கிளைக் குறுக்க போட்டதுல போனது."