கிராணியாரின் கார்

"கிராணியாரே, அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் கீழ வைங்க."

சேதுபதி பின்சந்தில் வந்து நின்றபோது தில்லையம்பலம் பழைய ஆஸ்டின் காரின் பின்கதவுக்கு எதிரே மணை போட்டு உட்கார்ந்திருந்தார். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டித் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். கதவின் அடிப்பாகத்தைத் துரு அரித்துத் தின்றிருந்தது. அதற்குத்தான் ஒட்டு.

"ஒரு வாரமா டங்கு டங்குனு ஒரே சத்தம். வீட்டுல புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கு. மாப்பிள்ளை கப்பல்ல போயிட்டாரு. அது பகல்ல கண்ணசர வேணாமா?"

"குறை நினைக்காதையுங்கோ. இந்தக் கதவு ஒண்டுதான் மிச்சம். நாளைக்கு முடிஞ்சிடும்."

"வெள்ளைக்காரத் துரையே மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போறான். நீங்க துரை ஊரு காருக்கு ஒட்டுப் போடுறீங்க. இத்தனை வருஷம் மழையில கெடந்துச்சு. கோழி முட்டை வச்சுச்சு உள்ள. பென்ஷன் வாங்கினப்புறம் ஊர்கோலம் போகணுமோ?"

தில்லையம்பலம் கம்பிப் பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினார். செம்பொடி அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் உதிர்ந்தது.

இந்த மௌனம்தான் சேதுபதிக்குப் பிடிக்காது. அன்றும் இப்படித்தான் இருந்தார் மனிதர்.

ஐம்பத்தைந்தில் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். வாசலில் மறியலுக்கு நின்றவர்களுக்குத் தலைவர் சேதுபதி. அலுவலகத்தில் பெரிய கிராணி, தலைமை எழுத்தர், தில்லையம்பலம். ஒரு நாள் தவறாமல், இதே காரில், மறியல்காரர்களைத் தாண்டி வேலைக்குப் போனவர். கருங்காலி.

"அந்த ஆள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதே. அந்த ஆள் காரில் கால் வைக்காதே" என்று சேதுபதி மேடையில் ஆணையிட்டார். சந்து முழுவதும் கட்டுப்பட்டது.

அந்த வாரத்தில்தான், சேதுபதி மறியலில் நின்றபோது, அவர் மனைவி மங்களத்துக்குப் பிரசவ வலி கண்டது. பஸ் ஓடவில்லை. கொட்டுகிற மழையில் ரிக்‌ஷாவும் இல்லை. ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவள் வழியில் விழுந்தாள். யாரோ தூக்கிக்கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தாயும் பிழைக்கவில்லை, வயிற்றில் இருந்ததும் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த மே தினமானாலும் ஃபேரர் பார்க் திடலில் சேதுபதியின் பேச்சு அங்கேதான் போய் முடியும். மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்.

"என் மனைவி நடந்தே செத்தாள், தோழர்களே. எங்கள் சந்தில் ஒரு கார் சும்மா நின்றது. இரக்கம் என்பது வர்க்கம் பார்த்துத்தான் வரும்."

கூட்டம் கண் கலங்கும். மகள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். தொழிற்சங்கத்துக்குப் பூட்டுப் போட்ட பிறகு, தேக்கா டீக்கடையில் அதே பேச்சு.

"பேச மாட்டீங்க," என்றார் சேதுபதி. "நானே சொல்றேன். எம் பொண்ணு வயித்தைத் தள்ளிக்கிட்டு நடக்குது. அது கண்ணு முன்னாடி காரை ஓட்டிக் காட்டணும். அதுக்குத்தானே இந்த வேலையெல்லாம்?"

தில்லையம்பலம் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"மங்களம் போன அண்டைக்குப் பிறகு இந்தக் காரை நான் தொடேல்லை."

"ஏன், மனசு குத்துச்சோ?"

"அண்டைக்கு நான் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப்போட்டு, கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டனான். ஏறு பிள்ளை, ஏறு பிள்ளை எண்டு கெஞ்சினனான். 'ஏறக்கூடாதுன்னு அவங்க சொல்லியிருக்காங்க. நானே ஏறினா நாளைக்கு அவங்க எப்படி மேடையில நிப்பாங்க' எண்டு சொல்லிப்போட்டு நடந்தவ. நான் மெல்ல மெல்லக் காரைப் பின்னாலயே உருட்டிக்கொண்டு போனனான். விழுந்தாப் பிறகுதான் தூக்கி ஏத்த விட்டவ. பிந்திப்போச்சு."

சேதுபதி தகரத் துண்டுகளுக்கு நடுவே அப்படியே குந்தினார்.

"இவ்வளவு நாளா ஊர் முழுக்க உங்களைக் கொலைகாரன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லி? அவ திரும்பி வரப்போறாவோ?"

சந்து முனையில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். சேதுபதி முகத்தைத் துண்டால் துடைத்தார். உள்ளே எங்கோ பழைய வீம்பு இன்னும் நிமிர்ந்துதான் இருந்தது.

"சரி. இப்ப எதுக்கு ஒட்டுப் போடுறீங்க? எம் பொண்ணை ஏத்தலாம்னா? வெற்றிச்செல்வி என் புள்ள. நான் சொல்லாம அது இந்தக் காருல ஏறாது."

தில்லையம்பலம் மறுபடி தகரத்தை எடுத்து, ஓட்டையில் பொருத்திப் பார்த்தார். நேரே முகம் பார்க்காமலேயே சொன்னார்.

"நானாத் தொடங்கேல்லை சேதுபதி. போன மாதம் உங்கட பிள்ளைதான் வந்து கேட்டவ. 'மாமா, அன்னிக்கு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நான்தானே நின்னேன். காரை எப்படியாவது சரி பண்ணி வைங்க, இந்தத் தடவை நான் ஏறிடறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவங்களுக்குன்னு இருக்கிறது அந்தப் பேச்சு ஒண்ணுதான்' எண்டு சொன்னவ."